கான்கிரீட் போடாத தபால் பெட்டிக் கம்பம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்களுடையது முனை வீடு. சுவரை வண்டிகள் உரசக் கூடாது என்று பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை வெளியே நட்டு, அதிலேயே தபால் பெட்டியையும் மாட்டியிருந்தோம். போன ஆடி மழையில் சாப்பாடு கொண்டுவந்த பையன் ஸ்கூட்டர் வழுக்கி அதில் மோதினான். காறை எலும்பு முறிந்துவிட்டது. தண்டவாளத்தில் பெயின்ட்கூடப் போகவில்லை. அதைப் பெயர்த்தெடுக்க ஆள் கிடைக்கவே மூன்று வாரம் ஆயிற்று.

ஒஹாயோவில் இருக்கும் என் தம்பி, அங்கே தபால் பெட்டிக் கம்பத்துக்கும் அளவு உண்டு என்றான். 4 அங்குலச் சதுர மரக்கட்டை, இல்லையென்றால் 2 அங்குலக் குழாய். மண்ணுக்குள் 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கார் இடித்தால் வளையவோ சாயவோ வேண்டும். கான்கிரீட் நிரப்பிய பால் கேனில் பெட்டியை நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்க அஞ்சல் துறையே எழுதி வைத்திருக்கிறதாம். நம்மைப் போல அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்!

அதே அளவில் 2 அங்குலக் குழாயில் கம்பம் செய்யச் சொன்னது லிங்கராஜபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில். நடத்துகிறவர் கிருஷ்ணகிரிக்காரர். "கான்கிரீட் இல்லாம நட்டா ஆடும்மா" என்றார். "ஆடட்டும் தம்பி" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் குழாய் திரும்பாமலிருக்க அடியில் சின்னத் தகடு ஒன்றை அவராகவே பற்றவைத்தார். பெட்டியை இரண்டு பொட்டு வெல்டிங்கில் நிறுத்தியிருந்தார், அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இடிக்கும்போது பெட்டி கழன்றால் நேரே கார்க் கண்ணாடிக்குத்தான் போகும். நான்கு போல்ட், பெரிய வாஷர் போட வைத்தேன். ரெட் ஆக்ஸைடு அடித்துவிட்டுத்தான் பெயின்ட். வேலை சுத்தம். 1,900 ரூபாய். இரண்டு நாள் என்றவர் ஒன்பதாம் நாள் கொடுத்தார். மூடியின் கீல்தான் மட்டம், மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

போன மாதம் எதிர்வீட்டு ஆல்டோ பின்னால் வந்து இடித்தது. கம்பம் சாய்ந்தது, பெட்டி அசையவில்லை, காரில் ஒரு கீறல். நிமிர்த்தி மண்ணை மிதித்துவிட்டோம், முடிந்தது.

ஆனால் அந்த அளவெல்லாம் காரை நினைத்துப் போட்டவை. ஸ்கூட்டரிலிருந்து விழுகிறவன் தோளுக்கு 2 அங்குலக் குழாயும் இரும்புதானே. "சுவத்துலயே அடிச்சிடலாமே" என்று பட்டறைக்காரர் முதல் நாளே சொன்னார். கிரானைட்டில் ஓட்டை போட மனசு வராமல் நான்தான் மறுத்தேன். இப்போது சுவர்ப் பெட்டிக்கு அவரிடமே அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் என்றிருக்கிறார்.