குவில்ட்டுக்கு வெட்டிய துணி: லேயர் கேக்கா, ஜெல்லி ரோலா?

பல வருடங்களாகக் குவில்ட், அதாவது துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைக்கிறேன். வெட்டி விற்கும் துணிக்கட்டுகளில் எதை வாங்கலாம் என்று கேட்டால் லேயர் கேக் என்றுதான் சொல்வேன். அதில் 10 அங்குலச் சதுரங்கள், பெரும்பாலும் 42 இருக்கும். ஜெல்லி ரோலில் இரண்டரை அங்குல அகலப் பட்டைகள் 40. நீளம் துணியின் முழு அகலம், அதாவது 42 முதல் 44 அங்குலம். கணக்குப் போட்டால் இரண்டிலும் துணி கிட்டத்தட்ட ஒரே அளவுதான், இரண்டே முக்கால் கெஜம். ஆனால் 10 அங்குலச் சதுரத்தை 5 அங்குலச் சதுரங்களாகவோ, பட்டைகளாகவோ நம் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். பட்டையில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

துணியில் அச்சிட்ட வடிவத்தையும் பார்க்க வேண்டும். பட்டையில் கால் அங்குலத் தையல் இருபுறமும் போனால் மிஞ்சுவது 2 அங்குலம். பெரிய பூப்போட்ட துணி என்றால் பூ காணாமல் போய் நிறம் மட்டும்தான் தெரியும். பொடி அச்சுக்கு அந்தக் கவலை இல்லை. லாக் கேபின் (நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளை வைத்துத் தைப்பது) மாதிரி பட்டைகளாலேயே ஆன வடிவங்களுக்கு ஜெல்லி ரோல் அருமை, வெட்டும் வேலை பாதியாகக் குறைகிறது. நீளப் பட்டைகளை அடுத்தடுத்து இணைக்கும்போது ஒரு தையலை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தொடங்குங்கள். இல்லையென்றால் துணி வில்லாக வளையும்.

சார்ம் பேக் என்று இன்னொரு கட்டு உண்டு; அதில் 42 சதுரங்கள், 5 அங்குலம். ஆறுக்கு ஏழாக அடுக்கித் தைத்தால் 27க்கு 31½ அங்குலம் வரும். சுற்றிலும் ஒரு கரை வைத்தால் கைக்குழந்தைக்குப் போதும். நிறங்களை நாமே பொறுக்கி எடுக்க ஆசையா? அப்போது ஃபேட் குவார்ட்டர், அதாவது 18க்கு 22 அங்குலமாக வெட்டிய கால் கெஜத் துண்டுதான் சரி. அதை முன்பே துவைத்துக்கொள்ளலாம்; சின்னத் துண்டுகளைத் துவைத்தால் ஓரம் பிரிந்து அளவே மாறிவிடும்.

இந்தக் கட்டுகளின் துண்டுகளில் பல் பல்லாக வெட்டிய ஸிக்ஸாக் விளிம்பு இருந்தால் கவனம் தேவை. சில தயாரிப்பாளர்களின் அளவு பல்லின் முனை வரை, சிலருடையது பள்ளம் வரை. கட்டைப் பிரித்ததும் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு, அதே கோட்டில் எல்லாத் துண்டுகளையும் தைக்க வேண்டும். இரண்டு தயாரிப்பாளர்களின் கட்டுகளை ஒரே குவில்ட்டில் கலந்தால் இது இன்னும் முக்கியம்.

அப்புறம், தயாரிப்பாளர் சேர்ந்தாற்போல வெளியிடும் ஒரு துணித் தொகுப்பில் 42க்கும் குறைவான அச்சுகள் இருந்தால் கட்டில் சில அச்சுகள் இரண்டு முறை வரும். ஒவ்வொரு துண்டும் வேறாக இருக்க வேண்டுமென்றால் வாங்கும்முன் அச்சுகளை எண்ணிவிடுங்கள்.