உள்ளே உட்கார்ந்திருக்கும் விபிஎன், வெளியே நிற்கும் விபிஎன்

விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்து சர்வர் வழியாக அனுப்பும் சேவை. குரோமில் ஒரு விபிஎன் எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசருக்குள் சேர்க்கும் குட்டி நிரலை, போட்டு, நாடு நெதர்லாந்து என்று வைத்தேன். ஐபி முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தால் ஆம்ஸ்டர்டாம் என்றது. அதே மடிக்கணினியில், அதே நிமிடத்தில், ஃபயர்பாக்ஸில் அதே தளத்தைத் திறந்தேன். சென்னை. வீட்டு பிராட்பேண்டின் முகவரி அப்படியே நின்றது.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. விபிஎன் என்று பெயர் வைத்திருந்தாலும் இந்த எக்ஸ்டென்ஷன்களில் பெரும்பாலானவை வெறும் ப்ராக்ஸிதான், அதாவது நடுவில் நிற்கும் ஓர் இடைத்தரகர் சர்வர். குரோமிடம் "இனி எல்லாவற்றையும் இந்த சர்வர் வழியாக அனுப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். குரோமுக்கு வெளியே இருக்கும் டோரன்ட், மெயில் செயலி, கேம் எதுவும் அதன் கணக்கில் வராது. முழு விபிஎன் சேவையின் செயலியோ இயங்குதளத்திலேயே ஒரு சுரங்கப்பாதை போடும். வயர்கார்டு, ஓபன்விபிஎன் என்று சொல்வதெல்லாம் அந்தச் சுரங்கத்தின் தொழில்நுட்பங்கள். கணினியிலிருந்து கிளம்பும் எல்லாமே அதற்குள் போகும். இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் கில் ஸ்விட்ச்சும் நல்ல செயலிகளில் உண்டு.

ஒப்பீடு செய்பவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று அட்டவணை போடப் போய்விடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நீங்கள் நம்பும் ஆள் எந்த இடத்தில் நிற்கிறான்?

வங்கித் தளத்தைத் திறக்கிறீர்கள். முகவரி எச்டிடிபிஎஸ், அதாவது தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையே எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் முறை, என்பதால் கடவுச்சொல் பிரவுசரை விட்டு வெளியே போகும்போதே பூட்டப்பட்டுவிடுகிறது. நடுவில் நிற்கும் விபிஎன் நிறுவனம், எவ்வளவு கெட்ட நிறுவனமாக இருந்தாலும், இன்ன வங்கியின் தளத்துக்குப் போனீர்கள் என்று தெரிந்துகொள்ளும். உள்ளே என்ன தட்டினீர்கள் என்பது தெரியாது. எக்ஸ்டென்ஷன் இருப்பது பிரவுசருக்குள். அங்கே பூட்டு திறந்துதான் கிடக்கிறது. நிறுவும்போது ஒரு சின்னப் பெட்டி வருமே, எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டு? அதன் அர்த்தம் சொல்லுக்குச் சொல் அதுதான். தபால்காரனைச் சந்தேகப்பட்டு, கடிதம் எழுதும்போது தோளுக்குப் பின்னால் ஒருவனை நிற்க வைத்துக்கொள்வது மாதிரி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அர்பன் விபிஎன் ப்ராக்ஸி என்ற எக்ஸ்டென்ஷன் குரோமில் மட்டும் 60 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தது. கூகுளின் 'சிறப்புப் பரிந்துரை' முத்திரையும் அதற்கு இருந்தது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்ற தளங்களில் மக்கள் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் அது மொத்தமாக அள்ளிக்கொண்டிருந்ததை 2025 டிசம்பரில் கோய் செக்யூரிட்டி நிறுவனம் வெளியே கொண்டுவந்தது. விபிஎன்னை அணைத்து வைத்திருந்தாலும் அள்ளல் நிற்கவில்லை. இந்த வேலை 2025 ஜூலையில் வந்த ஒரு அப்டேட்டில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே நிறுவியிருந்தவர்களுக்கு அது சத்தமில்லாமல் தானாகவே வந்து இறங்கியது. அதாவது, நிறுவும் நாளில் நீங்கள் எவ்வளவு விசாரித்திருந்தாலும் பயனில்லை. அதே நிறுவனம் சில மாதங்களுக்கு முன் ஃப்ரீவிபிஎன்.ஒன் என்ற இன்னொன்றைப் பிடித்திருந்தது. திறக்கும் பக்கத்தையெல்லாம் அது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது.

நிறுவனம் நல்லதாகவே இருந்தாலும் ஆபத்து முடிவதில்லை. ஹோலா என்ற இலவச விபிஎன் எக்ஸ்டென்ஷனை வெளியிடும் குரோம் கணக்கையே 2018 ஜூலையில் யாரோ கைப்பற்றி, சில மணி நேரம் மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ பணப்பையின் பயனர்களைக் குறிவைத்தார்கள். 2024 டிசம்பரில் எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களுக்கே ஏமாற்றி அனுமதி பறிக்கும் ஃபிஷிங் மெயில் அனுப்பிப் பல எக்ஸ்டென்ஷன்களைக் கெடுத்தபோது அந்தப் பட்டியலில் விபிஎன்களும் இருந்தன. ஹோலாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பவன் என்று ஊரில் சொல்வார்களே, அந்த வகைக் கதை. இலவசப் பயனர்களின் இணைய இணைப்பையே லுமினாட்டி என்ற பெயரில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2015-இல் அம்பலமானது. உங்கள் வீட்டு ஐபியில் முன்பின் தெரியாத யாரோ உலாவிக்கொண்டிருந்தார்கள்.

சரி, அப்படியானால் காசு கொடுத்து முழு சேவை வாங்கினால் கவலை தீர்ந்ததா? அதுவும் இல்லை. யார் எங்கே போனார்கள் என்ற பதிவுகள் வைப்பதில்லை என்று எல்லா நிறுவனமும்தான் சொல்கிறது. 2020-இல் யுஎஃப்ஓ விபிஎன் உட்பட ஹாங்காங் தொடர்புடைய சில சேவைகளின் பதிவுகள் திறந்தவெளியில் கிடந்தன. அவையும் அதே சத்தியத்தைச் செய்தவைதான். சொல்லை நிரூபிக்கும் சந்தர்ப்பம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முல்வாடு என்ற ஸ்வீடன் விபிஎன் நிறுவனத்துக்கு 2023 ஏப்ரலில் வாய்த்தது. ஸ்வீடன் போலீஸ் தேடுதல் ஆணையோடு அலுவலகத்துக்கு வந்து, எடுத்துப்போக ஒன்றும் இல்லாமல் திரும்பியது. பத்துப் பக்கத் தனியுரிமைக் கொள்கையைவிட எனக்கு அந்த ஒரு நாள் பெரிய சான்று.

முதலாளி யார் என்றும் பார்க்க வேண்டும். 2021-இல் எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 93.6 கோடி டாலருக்கு வாங்கிய கேப் டெக்னாலஜிஸின் பழைய பெயர் கிராஸ்ரைடர். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் உருவாக்கும் தளம் அது. விளம்பரம் திணிக்கும் ஆட்வேர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. இதனால் எக்ஸ்பிரஸ்விபிஎன் கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால் நாம் பேசும் இரண்டு உலகங்களுக்கும் நடுவே மதில் சுவர் ஏதும் இல்லை.

வெளியே நிற்பவன் உள்ளே வரும் வழியும் உண்டு. ஃபேஸ்புக், மாதம் 20 டாலர் வரை கொடுத்து ஒரு 'ஆய்வு' விபிஎன் செயலியை ஆட்களின் போனில் போடவைத்தது 2019-இல் அம்பலமானது. அதோடு, எந்தத் தளத்தை நம்பலாம் என்று போனுக்குச் சொல்லும் ஒரு ரூட் சான்றிதழையும் ஃபேஸ்புக் நிறுவச் சொன்னது. அது இருந்தால் எச்டிடிபிஎஸ் பூட்டுக்கு மாற்றுச் சாவி கிடைத்த மாதிரி. எந்த விபிஎன்னாவது சான்றிதழ் நிறுவச் சொன்னால் அன்றைக்கே அழித்துவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சேதி. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எல்லாவற்றையும் ஐந்து ஆண்டு வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களைக் கேட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன், புரோட்டான் எல்லாம் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இலங்கையில் அதே ஏப்ரலில் சமூக ஊடகங்களை முடக்கியபோது மக்கள் ஓடியதும் விபிஎன்னுக்குத்தான். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழியில்லை என்பதால், போன் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடே கிடையாது, செயலிதான்.

என் கட்சி முழு சேவை. இலவசம்தான் வேண்டும் என்றாலும் முகம் தெரியாத எக்ஸ்டென்ஷனைவிட புரோட்டானின் இலவசத் திட்டம் மேல். வேகமும் நாடுகளும் குறைவு, அவ்வளவுதான். அலுவலகக் கணினியில் செயலி நிறுவ அனுமதி இல்லை, ஒரு தளம் வேறு நாட்டில் எப்படித் தெரிகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றால் எக்ஸ்டென்ஷன் போதும். அப்போதும் நீங்கள் காசு கட்டும் சேவையின் எக்ஸ்டென்ஷனாக இருக்கட்டும். நான் அதற்கென்றே குரோமில் தனி ப்ரொஃபைல் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ஜிமெயில்கூட லாகின் செய்ததில்லை. வங்கி, மெயில், சாட்ஜிபிடி எல்லாம் இன்னொரு ப்ரொஃபைலில்; அங்கே இருக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் விளம்பரத் தடுப்பான்தான். அதையும் எதை நம்பி வைத்திருக்கிறாய் என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான்.