பேணியின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் சன்னம் வாங்காதீர்கள்

கொழும்பில் எயார் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் கைத்துப்பாக்கி, சுடப் பழகுகிறவர்களுக்கும், அவர்களுக்காகச் செலவு செய்யும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். புறக்கோட்டையில் விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு கடையில், அந்தத் துப்பாக்கியில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டான சன்னம் நான்கு பேணி வாங்கி ஏமாந்தேன். பணம் போனதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மாதத்துக்கு மேல் என் கைதான் கெட்டுவிட்டது என்று நம்பித் திரிந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

வாரத்தில் மூன்று மாலை கழகத்தின் கைத்துப்பாக்கியில் பயிற்சி செய்கிறேன். போட்டியில் 60 முறை சுட வேண்டும். குறி சரிபார்க்க முன்னால் சுடுவதையும் சேர்த்தால் ஒரு மாலைக்கு 80 சன்னம் போய்விடும். ஒரு பேணியில் 500 இருக்கும். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு வெளிநாட்டுப் பேணிகளைக் கையில் எடுக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. போட்டிக்கு நல்லதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பயிற்சிக்கு மலிவானதைத் தேடுவதில் ஒரு பிழையும் இல்லை.

கடைக்காரர் எடுத்து வைத்தது பெயர்பெற்ற ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் போட்டிச் சன்னப் பேணி. வழக்கமான விலையில் பாதிக்குச் சற்றுக் கூட. "பழைய சரக்கு தங்கச்சி, அதனால்தான் இந்த விலை" என்றார். நான்குக்கும் சேர்த்து 12,000 ரூபாய் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்குப் புத்தகம் முடிந்துவிட்டது, அடுத்த முறை வரும்போது தருகிறேன் என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

முதல் வாரமே புள்ளிகள் சரிந்தன. பத்து மீற்றர் தொலைவில் இருக்கும் அட்டையில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், 9 புள்ளி வட்டத்தினது 27.5. விசை சுத்தமாக விடுபட்டது, இது பத்துதான் என்று மனம் சொல்லும். அட்டையைப் பார்த்தால் எட்டில் துளை. அடுத்தது ஒன்பதில், எதிர்ப்பக்கம். நிற்கும் நிலையை மாற்றினேன், பிடியை மாற்றினேன், மூச்சை அடக்கும் நேரத்தைக் கூட மாற்றினேன். அம்மா கண் வைத்தியரிடம் கூட்டிப்போனார். கண்ணில் குறை எதுவும் இல்லை. கழகத் தெரிவுப் போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் விட்டேன். ஒரு வருட உழைப்பு அந்த ஒரு நாளுக்காகத்தான்.

மூன்றாவது பேணி பாதியாக இருக்கும்போதுதான் பயிற்றுநர் என் தட்டில் கிடந்த சன்னம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இந்தச் சன்னம் உடுக்கை வடிவில் இருக்கும்: தட்டைத் தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்னால் மெல்லிய விளிம்பு. காற்று தள்ளும்போது அந்த விளிம்பு விரிந்து குழலின் சுவரை அடைத்துக்கொள்ள வேண்டும். விளிம்பு நசுங்கியிருந்தால் காற்று ஒரு பக்கமாகக் கசியும், சன்னம் சாய்ந்து வெளியேறும். என் தட்டில் பத்தில் நான்கு நசுங்கியிருந்தன. ஒன்றிரண்டின் தலை தட்டையாகவே இல்லை, சற்று உருண்டிருந்தது. உருண்ட தலை அட்டையை வட்டமாக வெட்டாமல் கிழித்துவிடும். என் அட்டைகளில் சில துளைகள் ஏன் கிழிந்த கடதாசி போல இருந்தன என்பது அப்போதுதான் விளங்கியது.

"கொஞ்சம் தள்ளி நில் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மணல் மூட்டையில் கையை ஊன்றி அவரே ஐந்து சுட்டார். ஐந்தும் ஐந்து திசை. பக்கத்தில் பயின்ற ஒரு தங்கையிடம் சாதாரணப் பயிற்சிச் சன்னம் ஐந்து வாங்கி, அதே துப்பாக்கியில், அதே மூட்டையில் சுட்டார். நடுவில் ஒரே துளை, ஓரம் மட்டும் கொஞ்சம் அகன்றிருந்தது. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

மறுநாள் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் மாமாவிடம் போனேன். பொன் நிறுக்கும் தராசில் இருபது சன்னத்தை ஒவ்வொன்றாக வைத்தார். பேணியில் 0.45 கிராம் என்று இருக்கிறது, தராசு 0.41இலிருந்து 0.50 வரை காட்டியது. "இது ஒரே அச்சில் வார்த்ததே இல்லை மகள்" என்றார். நல்ல பேணியில், வேறு யாரோ, கிடைத்ததையெல்லாம் கலந்து நிரப்பியிருக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். திறந்த பேணியை எடுக்க மாட்டோம் என்றார், பற்றுச்சீட்டு எங்கே என்றும் அவரே கேட்டார்! அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்தி, வேண்டுமானால் வெடிமருந்துத் துப்பாக்கிக்கான .22 ரவை குறைந்த விலையில் எடுத்துத் தரலாம் என்றார். உடனே வெளியே வந்துவிட்டேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரவை வைத்திருப்பது விளையாட்டு இல்லை, சிறைக்குப் போகிற வழி. அப்படிப் பேசும் கடையில் சன்னம் மட்டும் நேர்மையாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

மலிவானது எல்லாம் மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தங்கை கொடுத்தது ஆர்டபிள்யூஎஸ் நிறுவனத்தின் ஹொபி, தட்டைத் தலை, 0.45 கிராம், போட்டிச் சன்னத்தைவிட விலை மிகக் குறைவு. பயிற்சிக்கு அது தாராளம். ஆனால் எதை வாங்கினாலும் முதலில் ஒரு பேணி மட்டும் வாங்குங்கள். என்னிடம் இருக்கும் போலிப் பேணியில் அடியில் தொகுதி இலக்கம் இருந்த ஒட்டுத்தாள் சுரண்டப்பட்டிருக்கிறது, சுற்று முத்திரை இரண்டாம் முறை ஒட்டப்பட்டிருக்கிறது, உள்ளே சன்னம் குலுங்காமல் வைக்கும் பஞ்சு வட்டம் இல்லை. விரலால் தொட்டால் கறுப்புத் தூள் ஒட்டும். அது ஈயம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம். வாங்கிய அன்றே மூட்டையில் கையை ஊன்றிப் பத்துச் சன்னம் சுட்டுப் பாருங்கள். என்னைப் போல ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள்.

பற்றுச்சீட்டை விடாமல் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் அது இருக்கிறது. முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. எனக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும் தராசில் எடுத்த படங்களையும் இரண்டு அட்டைகளையும் வைத்துக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். நான்காவது பேணியை நான் திறக்கவில்லை. அதையும் கூடவே எடுத்துப் போகிறேன்.