தலைவலி இழப்பீடு மறுக்கப்பட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

அமெரிக்கப் படைவீரர் விவகாரத் துறையை, அதாவது வி.ஏ.வை, படைப் பணியில் வந்த ஒற்றைத் தலைவலிக்காக இழப்பீடு கேட்டு அணுகியவர்களுக்கு இரண்டு விதமான ஏமாற்றம் வரும். ஒன்று, கோரிக்கை மறுக்கப்படும். இன்னொன்று, உங்கள் தலைவலிக்கும் பணிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டு, பாதிப்பின் அளவை 0 அல்லது 10 சதவீதம் என்று குறைவாக மதிப்பிட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே மேல்முறையீட்டு வழிகள்தான். 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று கதவுகள் இருக்கின்றன: சப்ளிமென்டல் கிளைம் (புதிய ஆதாரத்தோடு மறுபடி கேட்பது), ஹையர் லெவல் ரிவ்யூ (மூத்த அதிகாரியின் மறுபார்வை), போர்டு அப்பீல் (நீதிபதியிடம் முறையீடு).

இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. குடியுரிமை பெறாதவர்களைப் படையில் சேர்க்க 2009இல் அமெரிக்கா தொடங்கிய மாவ்னி திட்டத்தில், தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது.

எது சீக்கிரம் முடியும் என்று பார்த்துத்தான் பலரும் கதவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. முடிவுக் கடிதத்தை இரண்டு முறை படித்து, ஏன் தோற்றோம் என்று கண்டுபிடியுங்கள். கதவு தானாகத் தெரிந்துவிடும்.

அதற்கு முதலில் அளவுகோல் தெரிய வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கு வி.ஏ. வைத்திருக்கும் குறியீட்டு எண் 8100. ஆளைப் படுக்கையில் சாய்த்துவிடும் வலி கடந்த பல மாதங்களில் சராசரியாக 2 மாதத்துக்கு ஒரு முறை வந்தால் 10 சதவீதம், மாதம் ஒரு முறை வந்தால் 30. அடிக்கடி வந்து, நீண்ட நேரம் முற்றிலும் முடக்கி, பிழைப்பையே கடுமையாகப் பாதித்தால் 50. அதுதான் உச்சம். வலி எவ்வளவு கொடுமையானது என்று இங்கே யாரும் அளப்பதில்லை. எத்தனை முறை விழுந்தீர்கள், விழுந்தால் என்ன செய்ய முடியாமல் போனது என்றுதான் பார்க்கிறார்கள். மருத்துவக் குறிப்பில் 'தலைவலி, மாத்திரை கொடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அதைப் படிக்கும் அதிகாரிக்கு இருட்டறையில் நீங்கள் கிடந்த ஆறு மணி நேரம் தெரியவே தெரியாது.

அதனால்தான் தலைவலி வழக்குகளில் என் முதல் தேர்வு சப்ளிமென்டல் கிளைம். புதிய, பொருத்தமான ஆதாரம் ஒன்றாவது கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தலைவலி நாட்குறிப்பு இதற்குக் கச்சிதமானது: தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, வாந்தி வந்ததா, வெளிச்சம் தாங்கினதா, எவ்வளவு நேரம் படுத்திருந்தீர்கள், வேலைக்குப் போனீர்களா. மூன்று நான்கு மாதம் விடாமல் எழுதினால் அந்த 'சராசரி' என்ற சொல்லுக்குக் கணக்கு கிடைத்துவிடும். மனைவியோ கணவரோ கண்ணால் பார்த்ததை எழுதித் தரலாம், கூட வேலை செய்பவரும் தரலாம். அலுவலக விடுப்புப் பதிவும் உதவும். கோரிக்கையே மறுக்கப்பட்டிருந்தால் தேவை வேறு. பணிக்கும் வலிக்கும் தொடர்பு இருக்க குறைந்தது சரிபாதி வாய்ப்பு உண்டு என்று காரணத்தோடு மருத்துவர் எழுதிய கடிதம் வேண்டும். தலைக்காயமோ, பி.டி.எஸ்.டி. எனும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயோ ஏற்கெனவே பணி சார்ந்தது என்று ஏற்கப்பட்டிருந்தால், தலைவலி அதனால் வந்தது என்ற வழியிலும் கேட்கலாம். ஆதாரம் திரட்ட உதவும் கடமையும் இந்த வழியில் வி.ஏ.வுக்கு உண்டு.

ஹையர் லெவல் ரிவ்யூ நேர்மாறானது. புதிதாக ஒரு காகிதம்கூட வாங்க மாட்டார்கள். மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பை முதலிலிருந்து பார்ப்பார். நாட்குறிப்பு கோப்பில் இருந்தும் முதல் அதிகாரி கவனிக்கவில்லை, அல்லது சட்டத்தைத் தவறாகப் படித்தார் என்றால் மட்டும் இங்கே வாருங்கள். ஓர் உதாரணம்: வேலையில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் 50 சதவீதத்தை மறுத்திருந்தால் அது பிழை. முழுக்க வேலை செய்ய முடியாதவராக இருக்க வேண்டும் என்று விதி கேட்கவில்லை என்பதை 2004இல் பியர்ஸ் வழக்கில் படைவீரர் முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. அதிகாரியோடு ஒரு முறை தொலைபேசியில் பேசும் வாய்ப்பும் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். வலி எத்தனை முறை வருகிறது என்றே கேட்காமல் வி.ஏ. மருத்துவப் பரிசோதனை முடிந்திருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். அந்தக் குறையை அவர் ஏற்றால், சரிசெய்யக் கோப்பு திரும்பிப் போகும். ஆனால் கோப்பே காலியாக இருக்கும்போது இந்தக் கதவைத் தட்டினால், அதே பதில்தான் இன்னொரு கையெழுத்தோடு வரும்.

இந்த இரண்டுக்கும் வி.ஏ. வைத்திருக்கும் இலக்கு சராசரியாக 125 நாள். போர்டு அப்பீல் அப்படி இல்லை. நீதிபதி ஒருவர் முடிவெடுப்பார். இருக்கும் கோப்பை மட்டும் பார்க்க 365 நாள், ஆதாரம் சேர்க்க விரும்பினால் 550, நேரில் பேச விரும்பினால் 730 என்பது இலக்கு. சட்டச் சிக்கல் உள்ள வழக்கு, அல்லது கீழே இரண்டு முறை முட்டிப் பார்த்த வழக்கு என்றால் இது சரி. நாட்குறிப்பு ஒன்றே குறை என்றால் அதற்காக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டாமே!

அப்புறம், கெடு. முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் எந்தக் கதவைத் தட்டினாலும், வென்றால் தொகை பழைய கோரிக்கைத் தேதியை வைத்தே கணக்கிடப்படும். தோற்றாலும் அடுத்த ஓராண்டுக்குள், அனுமதிக்கப்பட்ட வேறு கதவுக்கு மாறி அந்தத் தேதியைக் காப்பாற்றலாம். ஆனால் ஹையர் லெவல் ரிவ்யூ முடிந்த உடனேயே இன்னொரு ஹையர் லெவல் ரிவ்யூ கேட்க முடியாது, போர்டு முடிவுக்குப் பிறகும் அதைக் கேட்க முடியாது. ஓராண்டு தாண்டினால் மிஞ்சுவது சப்ளிமென்டல் கிளைம் ஒன்றுதான், அதுவும் பழைய தேதி இல்லாமல். நாட்குறிப்பு முழுமையாகட்டும் என்று பதினான்கு மாதம் காத்திருப்பவர் இப்படித்தான் பெரிய நிலுவைத் தொகையை இழக்கிறார். பத்து மாதக் குறிப்போடு போயிருந்தாலே போதும்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன் போன்ற படைவீரர் அமைப்புகளில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் காசு வாங்காமல் படிவம் நிரப்பித் தருவார்கள். வழக்கறிஞர் என்றால் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணமாகக் கொள்ளப்படுகிறது. முதல் முடிவு வருவதற்கு முன்பே, கோரிக்கை போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டம் அதை அனுமதிப்பதில்லை.