தேக்கடியா, பரம்பிக்குளமா: நம் காசு யார் கைக்குப் போகிறது?

தேனிப் பக்கத்தில் காடு பார்க்கக் கிளம்பினால் தேக்கடி, பொள்ளாச்சிப் பக்கத்தில் பரம்பிக்குளம். இரண்டும் கேரளத்துப் புலிகள் காப்பகங்கள். இரண்டிலும் தேங்கும் தண்ணீர் தமிழ்நாட்டு வயலுக்கு வருகிறது. இரண்டும் சூழல் சுற்றுலா என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கின்றன. ஆனால் டிக்கெட்டுக்கு நாம் கொடுக்கும் காசு போகும் வழி வேறு வேறு.

தேக்கடியில் நடந்தது கொஞ்சம் சினிமாத்தனமானது. தேக்கடி இருக்கும் பெரியாறு காடு 1978-இல் புலிகள் காப்பகமானது. அதற்குப் பிறகும் காட்டுக்குள் வயணா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்துவது நின்றபாடில்லை. லவங்கப்பட்டைக்கு உறவான அந்தப் பட்டைக்கு நல்ல விலை உண்டு. 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியோடு நடந்த திட்டத்தின்போது, வனத்துறை அந்தக் கடத்தல்காரர்களையே கூப்பிட்டுப் பேசியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கத்தியை வைத்துவிட்டுக் குழுவாகச் சேர்ந்தார்கள். பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய் இரவு தங்கவைத்து அழைத்து வருவதும், அந்தச் சாக்கில் ரோந்து போவதும் அவர்கள் வேலையானது. எந்தத் தடம் எங்கே போகும், எந்தப் பாறைக்குப் பின்னால் ஆள் பதுங்கலாம் என்பதெல்லாம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மன்னான், பளியர் குடியினருக்கும் இப்படி வழிகாட்டி வேலை கிடைத்தது. வசந்த சேனா என்று ஒரு பெண்கள் குழு சம்பளமே வாங்காமல் முறை போட்டுக் காட்டைச் சுற்றி வருகிறது.

சரி, இவ்வளவும் தேக்கடிக்குப் போகிற எல்லார் கண்ணிலும் படுகிறதா? இல்லை. பெரும்பாலானவர்கள் குமுளியில் அறை எடுத்து, ஏலக்காய் வாங்கி, படகில் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்புகிறார்கள். அறை வாடகை விடுதிக்காரருக்கு, படகுக் காசு அரசுக்கு. 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதன்பிறகும் படகுத்துறையில் கூட்டம் குறையவில்லை.

பரம்பிக்குளத்தில் இந்தச் சிக்கல் இல்லை. காரணம் எளிது: அங்கே குமுளி மாதிரி ஓர் ஊரே கிடையாது. வண்டி போகிற பாதை ஒன்றுதான். கேரளத்துக் காட்டுக்குப் போக, பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்ளேயே போயாக வேண்டும். அன்றே திரும்புகிறவர்கள் ஆனைப்பாடியில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறை வேனில் ஏற வேண்டும். கூடவே ஒரு வழிகாட்டி வருவார், அங்குள்ள குடியிருப்புகளில் ஒன்றைச் சேர்ந்தவர். காடர், மலசர், மலைமலசர், முதுவர் என நான்கு குடியினர் அங்கே வாழ்கிறார்கள். கூடாரமோ மரவீடோ, தங்குமிடமும் வனத்துறையுடையதுதான். நடுவில் கமிஷன் அடிக்க ஆள் இல்லை.

ஆனால் குறை இல்லாமல் இல்லை. வேனிலிருந்து பார்க்கிற காட்டில் பெரும்பகுதி தேக்கு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பழைய காட்டை வெட்டி நட்டது. அங்கிருந்து மரங்களைச் சாலக்குடிக்கு இறக்க ஒரு காலத்தில் டிராம் பாதையே ஓடியது. நிஜமான மழைக்காடு பார்க்க எல்லையோரத்துக் கரியன் சோலைக்குப் போக வேண்டும். அடுத்தது, அங்கே கூலி கொடுக்க வனத்துறை என்ற ஒரே கைதான். 2020 ஊரடங்கில் வாசலைச் சாத்தியதும் மொத்த வருமானமும் நின்றுபோனது. அப்புறம், அந்த மக்கள் முதலமடையில் இருக்கும் தங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போக நெடுங்காலம் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் வர வேண்டியிருந்தது. வேன் டிக்கெட் காசில் அந்த மாதிரிக் குறை தீராது.

காட்டுக்கு எது அதிகம் செய்தது என்று கேட்டால், தயங்காமல் தேக்கடி என்பேன். வெட்டினவனையே காவலுக்கு நிறுத்துவது லேசான காரியமா? ஆனால் நம் காசு ஊர்க்காரர் கைக்குப் போக வேண்டும் என்று நினைப்பவருக்குப் பரம்பிக்குளமே மேல். அங்கே தப்பான இடத்தில் செலவழிக்க நமக்கு வாய்ப்பே இல்லை. தேக்கடியில் நாம்தான் பார்த்துப் போக வேண்டும்: படகை விட்டுவிட்டு, அந்தக் குழுவினர் கூட்டிப்போகும் மூங்கில் தெப்பத்தையோ நடைப்பயணத்தையோ கேளுங்கள். தாத்தா பாட்டியோடு ஒரே நாளில் திரும்புவதென்றால் தேக்கடிதான் சுலபம்.

ஓர் இரவு தங்க முடிந்தால் பரம்பிக்குளம். தூணக்கடவுக்குப் பக்கத்தில் கன்னிமரா தேக்கு நிற்கிறது. கைகோத்து அதை வளைக்க நாலைந்து பேராவது வேண்டும், ஆள் சேர்த்துக்கொண்டு போங்கள்.