சம்மன் சார்பு: அமீனா, தபால், கதவு, பேப்பர், வாட்ஸ்அப் – எது கடைசிவரை நிற்கும்?

ஒரு கடன் வழக்கை எடுத்துக்கொள்வோம். வாதி பிராது தாக்கல் செய்கிறார். பிரதிவாதி ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது அவர் இல்லாமலேயே தீர்ப்பு, ஆகிறது. அதை வைத்து வீட்டை ஜப்தி செய்யப் போகும் சமயத்தில்தான் அவர் முதல்முறையாகக் கோர்ட் படியேறுகிறார்: “எனக்கு சம்மனே வரலீங்க.” நீதிபதி அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு ரத்து. வழக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து.

கடன் வாங்கினாரா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. சம்மன் சார்பு ஆனதா என்பது மட்டும்தான் கேள்வி. சார்பு செய்வது என்றால் கோர்ட் பாஷையில், ஒரு காகிதத்தை உரியவரிடம் சட்டப்படி சேர்ப்பித்து, சேர்த்ததற்கு அத்தாட்சியும் வைத்திருப்பது. நம் ஊர் வாதிகள் முதல் பாதியில் காட்டும் அவசரத்தில் இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வழியையும் எவ்வளவு வேகம் என்று பார்க்காமல், நாளைக்கு எதிராளி “வரவில்லை” என்றால் அது தாங்குமா என்று பார்ப்போம்.

இதில் தேதிக்கும் வேலை இருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சம்மன் சார்பான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிரதிவாதி எதிருரை, அதாவது பிராதுக்கு எழுத்தில் பதில், தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள் வரை நீளும். வணிக வழக்கு என்றால் அதிகபட்சம் 120 நாள்; அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சார்பான தேதியே தெளிவில்லை என்றால் இந்தக் கணக்கை எங்கிருந்து எண்ணுவது?

அமீனா நேரில் வருவது

கோர்ட் காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியர். ஏட்டில் கட்டளை நிறைவேற்றுநர் என்று இருக்கும். ஜனங்களுக்கு எல்லோரும் அமீனாதான். வாதி பேட்டா (சம்மன் கொண்டுபோக கோர்ட்டில் கட்டும் தொகை) கட்டிய பிறகு, பிராது நகலோடு சம்மனை எடுத்துக்கொண்டு இவர் வீட்டுக்கு வருவார். பிரதிவாதியிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் முதல் விதி. அவர் வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவார் என்ற நம்பிக்கையும் இல்லை, அவர் சார்பில் வாங்க முகவரும் இல்லை என்றால் கூடவே வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம். ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை. வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. அவர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார் என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிவில் வழக்கில் மனைவியோ அம்மாவோ சம்மன் வாங்குவது எப்போதோ சரியாகிவிட்டது. கிரிமினல் வழக்கில் மட்டும் “வயது வந்த ஆண் உறுப்பினர்” என்றே வெகுகாலம் இருந்தது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான் அந்த “ஆண்” என்ற சொல்லை எடுத்தது.

அமீனா வழியின் பலம் அவர் பேசக்கூடியவர் என்பதுதான். எத்தனை மணிக்குப் போனேன், யார் அடையாளம் காட்டினார், யார் வாங்கினார் என்று சம்மனின் பின்பக்கம் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் கோர்ட் அவரைக் கூப்பிட்டு சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்கலாம். இதற்கு நிகரான சாட்சி வேறு வழிகளில் கிடைப்பது கஷ்டம். பலவீனமும் அவரேதான். ஒரு ஆள், ஒரு கட்டு சம்மன், பாதி முகவரிகளில் கதவு எண்ணே இருக்காது. “ஆள் இல்லை” என்று எழுதித் திருப்பினால் வாதிக்கு அடுத்த வாய்தா, மறுபடி பேட்டா. திரும்பி வந்ததும் சும்மா இருந்துவிடவும் முடியாது. ஏழு நாளுக்குள் புது சம்மன் கேட்காமல், அதற்குத் தகுந்த காரணமும் காட்டாமல் விட்டால் வழக்கே தள்ளுபடி ஆகலாம்.

கதவில் ஒட்டுவது

இது அமீனா வழியின் தம்பி. பிரதிவாதி கையெழுத்துப் போட மறுத்தாலோ, நியாயமான முயற்சி எடுத்தும் ஆள் கிடைக்காவிட்டாலோ, வாங்குவதற்கு வேறு உரியவரும் இல்லாதபோது, அவர் வசிக்கும் வீட்டின் வெளிக்கதவில் நகலை ஒட்டலாம். தொழில் நடத்தும் இடம் என்றாலும் சரி.

முதல் காரணத்தில் பிரச்சினை கம்மி. “வாங்க மாட்டேன்னு சொல்லிட்டேன், இனி என்ன செய்வாங்க?” என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. மறுத்தவரின் கதவில் ஒட்டிவிட்டு வந்தால் சார்பு ஆனதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். சண்டையெல்லாம் இரண்டாவது காரணத்தில்தான். ஒருமுறை போனார், பூட்டு தொங்கியது, ஒட்டிவிட்டு வந்தார் என்பது “நியாயமான முயற்சி” ஆகாது. வீட்டை யார் காட்டினார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்ற பெயர்களும் அறிக்கையில் இல்லை என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். ஆக, ஒட்டு சார்பு நிற்குமா என்பது அந்த அறிக்கையின் நான்கு வரியில் இருக்கிறது. வாதியாக இருந்தால் அந்த அறிக்கையை வாங்கிப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானோர் படிப்பதே இல்லை.

தபால்

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் என்பது வக்கீல் ஆபீஸ்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். 2025-இல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டது. பேச்சில் மட்டும் இன்னும் “ரிஜிஸ்டர் தபால்” போகவில்லை.

தபாலின் பலம் ஒரு சட்ட அனுமானம். 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டிருந்தால் சாதாரணமாக எத்தனை நாளில் போய்ச் சேருமோ அத்தனை நாளில் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று நிரூபிப்பது பெறுநரின் பாடு. சம்மன் விஷயத்திலும், அட்டை தொலைந்துபோய் 30 நாளில் திரும்பாவிட்டால்கூட சார்பு ஆனதாகக் கோர்ட் அறிவிக்க இடம் இருக்கிறது.

ஆனால் திரும்பி வரும் உறையில் தபால்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். “பெற மறுத்தார்” என்றால் வாதிக்கு லாபம். “கேட்டுப் பெறவில்லை” என்று திரும்பினாலும் சாதாரணமாகச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். காசோலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1999-இல் இதைத் தெளிவாக்கியது. “வீடு மாறிவிட்டார்”, “இப்படி ஒருவர் இல்லை” என்று வந்தால் கதை வேறு. அனுமானம் நிற்பதே சரியான முகவரி என்ற ஒற்றைக்காலில்தான், அது போய்விட்டதே. இந்த உறையையும் காட்டி “சார்பு ஆகிவிட்டது” என்று வாதாடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வக்கீல் நோட்டீஸ் சம்மன் அல்ல. அது கோர்ட் அனுப்புவதில்லை. பதில் போடாததற்காக யாரும் எக்ஸ்பார்ட்டி ஆவதில்லை. ஆனாலும் சில இடங்களில் நோட்டீஸ் இல்லாமல் வழக்கே பிறக்காது. காசோலை திரும்பினால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம். அரசுமீது வழக்கு என்றால் சாதாரணமாக இரண்டு மாத நோட்டீஸ். மாத வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்ல, ஒப்பந்தம் வேறு மாதிரி இல்லாவிட்டால், 15 நாள். இவற்றுக்கெல்லாம் தபால்தான் என் தேர்வு, யோசிக்கவே வேண்டாம். காசோலை வழக்கில் “நோட்டீஸ் வரவில்லை” என்ற பழைய சாக்குக்கும் 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பூட்டுப் போட்டது: வராவிட்டால் போகட்டும், கோர்ட் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டியிருக்கலாமே?

வாதியே சம்மனை வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்கவும் கோர்ட் அனுமதிக்கலாம். வேகமான வழிதான். ஆனால் பகையாளி கையால் பகையாளி காகிதம் வாங்குவானா? மறுத்தால் மறுபடி கோர்ட் மூலம் அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அவசரத் தடையாணை வழக்குகளைத் தவிர நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பேப்பர் விளம்பரம்

பார்ப்பதற்கு இதுதான் பெரியது. ஊரே படிக்கும் நாளிதழில் பெயர், வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் இத்தனை வழிகளில் நான் கடைசியாக நம்புவது இதைத்தான்.

முதலில், கேட்டவுடன் கிடைக்கக்கூடாத வழி இது. பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிகிறார், அல்லது வேறு காரணத்தால் சாதாரண வழியில் சார்பு செய்ய முடியாது என்று கோர்ட் நம்பினால்தான் மாற்று சார்புக்கு உத்தரவு. கோர்ட்டிலும் கடைசியாகத் தெரிந்த வீட்டிலும் ஒட்டச் சொல்லலாம், அல்லது பேப்பரில் போடச் சொல்லலாம். அந்தப் பேப்பரும் அவர் கடைசியாக வசித்த, வேலை பார்த்த பகுதியில் ஓடுகிற நாளிதழாக இருக்க வேண்டும். ஆள் இருந்தது ஒரு மாவட்டம், விளம்பரம் வந்தது இன்னொரு மாவட்டப் பதிப்பு என்றால் வீண் செலவு.

இந்தச் சார்பு நேரில் கொடுத்ததற்குச் சமம் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அதோடு படிப்பதை நிறுத்தினால் வாதிக்கு நிம்மதிதான். பக்கத்தில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தைத் திறந்து 123-ஆம் கூறைப் பாருங்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள். முறையாகச் சார்பு ஆகியிருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுவார்கள். ஆகாவிட்டால் பிரதிவாதிக்குத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து. அதன் விளக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: மாற்று சார்பு, இந்தக் கூறின் நோக்கத்துக்கு, முறையான சார்பு ஆகாது. அதாவது பேப்பரில் போட்டு வாங்கிய தீர்ப்புக்கு எதிராக, ஐந்து வருடம் கழித்து ஒருவர் வந்து “போன வாரம்தான் தெரிந்தது” என்றால் அவருக்குக் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. அமீனா கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தக் கதவு எப்போதோ மூடியிருக்கும்.

மின்னஞ்சல், வாட்ஸ்அப்

மின்னஞ்சல் 2002-இலேயே நடைமுறைச் சட்டத்தில் ஏறிவிட்டது. வாட்ஸ்அப் தனியாக வழி வெட்டிக்கொண்டு வந்தது. 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு கிரெடிட் கார்டு பாக்கி விவகாரத்தில், வாட்ஸ்அப்பில் போன நோட்டீஸைப் பிரதிவாதி திறந்து பார்த்ததை நீல டிக் காட்டுகிறது என்று ஏற்றுக்கொண்டது. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், உச்ச நீதிமன்றமே மின்னஞ்சல், வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் மூலம் சார்பு செய்ய அனுமதித்தது. சரி, இனி எல்லாம் போனில்தான் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம், விசாரணைக்கு வரச்சொல்லிப் போலீஸ் கொடுக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்றது. அந்த நோட்டீஸை மதிக்காவிட்டால் கைது வரை போகலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் கண்டிப்பு புரியும்.

நீல டிக்கை அணைத்து வைக்கலாம், எண்ணை மாற்றலாம், போன் பிள்ளையின் கையில் இருந்திருக்கலாம். கூடுதல் ஆதாரமாக வாட்ஸ்அப் அருமை. ஒற்றை ஆதாரமாக வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு என்றால் அந்த நாடு 1965-ஆம் ஆண்டின் ஹேக் சார்பு உடன்படிக்கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் அது 2007 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ளது. வெளிநாட்டுக் கோர்ட் காகிதம் நேரடியாகத் தபாலில் இங்கே வருவதை நம் நாடு ஏற்கவில்லை. மத்திய சட்ட அமைச்சகம் வழியாகத்தான் வர வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் வாய்தாவிலேயே “கோர்ட் மூலமும் தபால் மூலமும்” என்று இரண்டுக்கும் உத்தரவு வாங்கி, இரண்டுக்கும் பேட்டாவையும் தபால் செலவையும் கட்டிவிடுவேன். ஒன்று சறுக்கினால் இன்னொன்று பிடிக்கும். இரண்டும் தோற்றது பதிவில் இருந்தால்தான் பிற்பாடு பேப்பர் விளம்பரத்துக்கும் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.

பிரதிவாதி பக்கம் நிற்பவர்களுக்கும் ஒன்று உண்டு. சார்பில் ஏதோ முறைகேடு என்பது மட்டுமே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை உடைக்கப் போதாது. விசாரணைத் தேதி தெரிந்திருந்தது, வந்து பதில் சொல்ல நேரமும் இருந்தது என்று தெரிந்தால் கோர்ட் ரத்து செய்யக்கூடாது. கதவில் ஒட்டிய சம்மனைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “இதைப் பாருங்க” என்று போட்டவர், ஒட்டிய முறை தவறு என்று பிறகு வாதாடினால், அந்தப் போட்டோவே அவருக்கு எதிரான முதல் ஆவணமாக வந்து நிற்கும்.