பழைய கார் வைத்திருப்பவர்கள் உஷார்: சஸ்பென்ஷன் ரிப்பேர் என்ற பெயரில் 1,400 பவுண்டு போச்சு

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம்ம ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வயிறு எரிந்துகொண்டிருக்கிறது, எழுத்தில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி 1972 டிரையம்ஃப் டிஆர்6. அதன் பின்சக்கரத்தைத் தாங்கும் கை, அதாவது டிரெய்லிங் ஆர்ம், அலுமினியம். சக்கரம் மாட்டும் ஹப்பை அதோடு பிடித்து வைப்பது ஆறு எஃகு ஸ்டட் (மரை போட்ட கம்பி). யாராவது ஓவராக முறுக்கினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும், டிஆர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வியாதிதான். எனக்கு இடது பக்கம் இரண்டு ஸ்டட் சும்மா சுற்றியது. ஆர்மை சேஸிஸோடு சேர்க்கும் பிராக்கெட் ஒன்று வளைந்திருந்தது, அது உட்காரும் குறுக்குச் சட்டத்தில் துருவும் இருந்தது.

கிளாசிக் கார் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு வைத்த ஒரு கராஜ். ஓனர் வயதானவர், டார்ச்சோடு தானே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தார். துரு பிடித்ததை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யணும், மரையைத் துளைத்து ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போடணும், பசை வைத்து ஒட்டித் தருகிறவனிடம் மட்டும் போய்விடாதே என்று எனக்கே பாடம் எடுத்தார். அந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன். 1,400 பவுண்டு. கார்டு மெஷின் ரிப்பேர், பேங்கில் போட்டுவிடு என்றார், போட்டேன்.

வண்டி வந்த கையோடு ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதித்தால் பின்னால் டொக் டொக். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினால், ஒரு ஸ்டட் விரலாலேயே வெளியே வருகிறது, மரை முழுக்கச் சாம்பல் நிறப் பசை! எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்திருக்கிறார். குறுக்குச் சட்டத்தில் புதிதாய் அடித்த கறுப்பு அண்டர்சீலை (வண்டிக்கு அடியில் அடிக்கும் துருத் தடுப்புப் பூச்சு) சுரண்டினேன், ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது. வெல்டிங்காவது மண்ணாவது. பிராக்கெட்டில் வெட்டு எத்தனை, அது மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பதை வைத்துத்தான் சக்கரத்தின் சாய்வே அமையும். கொடுக்கும் முன் எடுத்த போட்டோவில் மேலே இருந்தது, இப்போது கீழே. சக்கரம் சாய்ந்து நிற்கிறது. இதை லண்டனைச் சுற்றும் எம்25 மோட்டார்வேயில் 70 மைலில் ஓட்டியிருந்தால்?

போன் செய்தால், பழைய வண்டி, சத்தம் வரத்தான் செய்யும். அடுத்து வெல்டர் லீவு. அப்புறம், நீயே கழற்றிவிட்டாய், இனி எங்கள் பொறுப்பில்லை. கடைசியில், எம்ஓடி (வருடாந்திர வண்டிப் பரிசோதனை) தேவையில்லாத வண்டிதானே, என்ன பயம் என்று ஒரு சிரிப்பு. 40 வயது தாண்டிய வண்டிக்கு 2018-இலிருந்து எம்ஓடி கட்டாயமில்லை, யாரும் அடியில் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்தான் இது. 1,400 பவுண்டு ஐயா, பசைக்கும் கறுப்புப் பெயிண்டுக்கும்!

என்னென்ன பார்க்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அண்டர்சீல் அடிக்கும் முன் வெல்டிங்கைக் கண்ணால் பாருங்கள். கழற்றிய ஸ்டட்டைக் கேட்டு வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை நுகர்வோர் கடன் சட்டத்தின் செக்ஷன் 75-இல் கார்டு கம்பெனியிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம், பேங்கில் போட்டால் அது கிடையாது. கட்டாயமில்லாவிட்டாலும் வேறு இடத்தில் எம்ஓடி பார்த்துவிடுங்கள்.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. வண்டியை எங்கேயாவது விடப்போகிறீர்கள் என்றால் முதலில் இன்பாக்ஸில் கேளுங்கள், அந்த கராஜ்தானா என்று சொல்கிறேன்.